அசில் கோழியைக் காப்பாத்துறது பந்தயக்காரங்களா?

நகரிச் சேவல்:
நகரி, புத்தூர் சந்தைக்கு வர்ற நாட்டுக்கோழியில முக்காவாசி கிராஸ். ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கின ஹைதராபாத் வனராஜா, பெங்களூர் கிரிராஜா கோழி எல்லாம் வீட்டுக்கு வீடு வந்தாச்சு. அதுங்க சேவல் தெருவுல மேயுது, அப்புறம் எங்க சுத்தம்? சண்டைக்கோழி இனமான அசில்ல அசலைப் பார்த்ததுமே தெரியும்: பட்டாணியை ஒட்ட வெச்ச மாதிரி கொண்டை, தாடி இருக்கற இடமே தெரியாது, இறகு உடம்போட இறுக்கமா படிஞ்சிருக்கும். அது இன்னிக்கும் கலக்காம நிக்குதுன்னா சங்கராந்திக்குச் சேவல் சண்டை விடற பந்தயக்காரங்களாலதான்.

பள்ளிப்பட்டு டீச்சர்:
நல்லா இருக்கு ஞாயம்! கால்ல கத்தி கட்டிச் சாகடிக்கறதுக்குப் பேரு காப்பாத்தறதா? 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே அது குத்தம். சட்டத்தை விடுங்க. சேவலுக்குப் பாதாம், பெட்டைக்குக் குப்பைமேடு. எங்க தெருவுல கொக்கு நோய் (வெள்ளைக்கழிச்சல்) வந்தப்போ சேவலுக்கு மட்டும் ஊசி போட்டிருந்தாங்க. பெட்டைங்க பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு, கழுத்து முறுக்கிக்கிட்டு செத்துதுங்க. வருஷத்துக்கு 30, 40 முட்டை இட்டாலே பெரிசுங்கற இனம். பெட்டை போனா என்ன மிஞ்சும்?

நகரிச் சேவல்:
எல்லாரும் அப்படி இல்லீங்க டீச்சர். பெட்டையோட மூணு தலைமுறை சொல்லத் தெரியாதவன் பந்தயக்காரனே இல்ல.

குப்பத்தான்:
கணக்குக்கு வாங்க ரெண்டு பேரும். 50 பெட்டைக்கு 1 சேவல் விட்டா, குஞ்சு எல்லாத்துக்கும் ஒரே அப்பன்; அதனால இனவிருத்திக் கணக்குல அது 51 கோழி இல்ல, சுமாரா 4 கோழிக்குத்தான் சமம். 20 பெட்டைக்கு 5 சேவல்னா 16. (4 × சேவல் × பெட்டை, அதை மொத்தத்தால வகுத்துப் பாருங்க.) ஜெயிச்ச ஒரே சேவலை மகள், பேத்தி வரைக்கும் சேர்த்தா முட்டை பொரியறது குறையும், குஞ்சு நோஞ்சானா வரும். அதுக்குன்னு அஞ்சு அசில் சேவலை ஒரே கொல்லையில விட முடியாது, அடிச்சுக்கிட்டுச் செத்துடும். அஞ்சு வீட்ல ஒவ்வொண்ணு வெச்சு மாத்திக்கணும்.

நகரிச் சேவல்:
சேவல்தானே, வந்து வாங்கிக்குங்க. பெட்டை மட்டும் கேக்காதீங்க. எங்க நைனா காலத்துலருந்து பெட்டை வாசல் தாண்டினதில்ல.

குப்பத்தான்:
அடை வைக்க முட்டையாவது?

நகரிச் சேவல்:
முட்டைக்குள்ள பெட்டை இருக்குமே அண்ணா.

பள்ளிப்பட்டு டீச்சர்:
கொக்கு நோய் ஒரு தடவை உங்க குடாப்புக்குள்ள வந்தா அந்த வம்சமே முடிஞ்சுது. வேற ஊர்ல நாலு பெட்டை இருந்தாத்தான் திரும்ப எடுக்கலாம். பூட்டி வெச்சே அழிக்கப் போறீங்க.

குப்பத்தான்:
சேவல் எங்கிட்டயே இருக்கு. பலமனேர் பக்கம் அசில் பெட்டை தர்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. மாத்துக்குக் காக்கி நிறச் சேவல் தர்றேன்.