பைக் பேட்டரி, நாலு மாசக் குளிர்: குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

விக்னேஷ்: அடுத்த வாரத்துலேருந்து பைக் ரெண்டையும் ஷெட்ல நிறுத்தறேன். நாலு மாசம் எடுக்க மாட்டேன். ராத்திரில மைனஸ் 12 வரைக்கும் போகும். பேட்டரிய என்ன பண்ணலாம், சொல்லுங்க

சேகர் மாமா: ரெண்டுலயும் என்ன பேட்டரி இருக்குன்னு பாரு மாப்ள. மேல ஆறு மூடி இருந்தா ஆசிட் பேட்டரி. மூடியில்லாம சீல் பண்ணியிருந்தா ஏ.ஜி.எம், அதாவது ஆசிட்ட கண்ணாடி நார்ல ஊற வச்ச வகை.

சேகர் மாமா: தூக்கும்போது வெறும் டப்பா மாதிரி கனமே இல்லன்னா லித்தியம். அதுக்கு வழியே வேற

விக்னேஷ்: சின்ன பைக்ல ஆறு மூடி, கொள்ளளவு 8 ஆம்பியர் அவர். பெருசுல சீல், 12 ஆம்பியர் அவர்

விக்னேஷ்: சின்னதுல மீட்டர் வச்சேன். 12.35 வோல்ட் காட்டுது. நேத்து ராத்திரிலேருந்து வண்டி எடுக்கல

பிரியா அக்கா: ராத்திரி முழுக்க சும்மா விட்டு அளந்தது நல்லது. ஓட்டிட்டு வந்த உடனே அளந்தா 13 கூட காட்டும், அத நம்பக் கூடாது.

12.35ன்னா முக்கால் சார்ஜுக்கும் கீழ. ஆசிட் பேட்டரி நெறஞ்சா 12.6 - 12.7 நிக்கணும், ஏ.ஜி.எம் 12.8க்கு மேல. 12.2 வந்தா பாதி. 12.0 வந்தா கால்வாசி கூட சந்தேகம்.

கோபால் சித்தப்பா: அவ்ளோ மெனக்கெடவே வேணாம்பா. வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடு, பேட்டரி தன்னால ஏறிக்கும்

பிரியா அக்கா: அது ஏறாதுப்பா. ஐடில்ல, அதாவது நின்ன எடத்துலயே இன்ஜின் ஓடும்போது, சார்ஜிங் ரொம்ப கம்மி. குளிர்ல ஒரு தடவ ஸ்டார்ட் பண்ண எடுக்கற கரண்ட்டே அந்தப் பத்து நிமிஷத்துல திரும்பி வராது. நாலு வாரம் இப்படிப் பண்ணா பேட்டரி முன்னவிட கீழதான் இருக்கும்.

இன்ஜினுக்கும் கெடுதல். எண்ணெய் முழு சூடு ஏறாததால உள்ள சேர்ற ஈரம் ஆவியாகாம எண்ணெயோடயே கலக்கும். சைலன்சர்லயும் தண்ணி தங்கி துரு பிடிக்கும்.

கோபால் சித்தப்பா: சரிதான். பழைய கிக்கர் வண்டிப் பழக்கம் அது. அப்போ கழட்டியே வைக்கச் சொல்லு

கார்த்திக்: குளிர்லதான பேட்டரி கெடுது? வீட்டுக்குள்ள ஹீட்டர் பக்கத்துல வச்சா போதாதா?

பிரியா அக்கா: அங்க வைக்காத கார்த்தி. சூடு ஏற ஏற சார்ஜ் தானா இறங்கற வேகம் கூடும், 10 டிகிரி கூடினா கிட்டத்தட்ட ரெட்டிப்பு. நெறஞ்ச பேட்டரிக்கு சில்லுன்னு இருக்கற எடம்தான் நல்லது.

குளிர் கெடுக்கறது காலி பேட்டரிய. முழு சார்ஜ்ல ஆசிட்டோட அடர்த்தி (தண்ணிக்கு 1ன்னா) 1.27, 1.28 இருக்கும், மைனஸ் 50லயும் உறையாது. இறங்க இறங்க ஆசிட்ல இருக்கற சல்பேட் உள்ள இருக்கற ஈயத் தகட்டுக்கு, அதான் பிளேட்டுக்கு, போயிடும், மிஞ்சறது தண்ணி மாதிரி. அடர்த்தி 1.1க்கு வந்துட்டா மைனஸ் 7, 8லயே உறைஞ்சிடும். பிளேட் வளையும், டப்பா விரிசல் விடும். விக்கி ஷெட்ல மைனஸ் 12, பாத்துக்கோ.

சேகர் மாமா: உறையலன்னாலும் அரை சார்ஜ்ல மாசக் கணக்கா கிடந்தா அந்த சல்பேட் பிளேட்ல கெட்டியா படிஞ்சிடும். அப்புறம் சார்ஜர் போட்டா கொஞ்ச நேரத்துலயே "ஃபுல்"னு காட்டும், ஸ்டார்ட்டர அமுக்கினா டக்குனு மட்டும் ஒரு சத்தம். நல்ல பேட்டரி வீணாப் போறது பெரும்பாலும் இப்படித்தான்

விக்னேஷ்: வண்டிலயே விட்டுட்டு நெகட்டிவ் மட்டும் கழட்டினா?

சேகர் மாமா: ஷெட் அவ்ளோ குளிராதுன்னா அதுவே போதும். உனக்கு கழட்டி உள்ள வைக்கறதுதான் மேல். எதுவா இருந்தாலும் வயரோட மட்டும் விடாத. சாவி ஆஃப்ல இருந்தாலும் கடிகாரம், அலாரம், ஈ.சி.யு (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் இழுக்கும்.

பிரியா அக்கா: கணக்கு போட்டுப் பாரு விக்கி. 3 மில்லி ஆம்பியர்ன்னு வச்சுக்கோ. நாளைக்கு 72 மில்லி ஆம்பியர் அவர். 120 நாளைக்கு 8.6 ஆம்பியர் அவர். உன் சின்ன பேட்டரி மொத்தமும் காலி.

விக்னேஷ்: இத அளக்க முடியுமா அக்கா

பிரியா அக்கா: முடியும். மீட்டர்ல சிவப்பு வயர 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்து. நெகட்டிவ் வயரக் கழட்டி, அந்த வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் முனை ரெண்டையும் வை. ஈ.சி.யு அடங்க ரெண்டு மூணு நிமிஷம் விட்டுப் படி. மீட்டர் நடுவுல இருக்கும்போது ஸ்டார்ட்டர அமுக்கிடாத, ஃபியூஸ் போயிடும்.

சேகர் மாமா: இப்போ கழட்டற முறை. நெகட்டிவ் முதல்ல, பாசிட்டிவ் அப்புறம். மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல.

காரணம் சொல்றேன். வண்டி ஃப்ரேம் முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவ முதல்ல கழட்டினா ஸ்பேனரோட மறு முனை ஃப்ரேம்ல பட்டு ஷார்ட் ஆகும். ஸ்பேனரே சிவக்கும், கை வெந்துடும். நெகட்டிவ எடுத்துட்டா பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மோதிரம், செயின், வாட்ச் எல்லாத்தயும் கழட்டி வச்சிட்டு வேலைய ஆரம்பி

லதா அத்தை: கண்ணாடி, கையுறை போட்டுக்கோ விக்கி. ஆசிட் கைல பட்டா உடனே தண்ணில நல்லா கழுவிடு. கண்ணுல பட்டா 15 நிமிஷம் ஓடற தண்ணில கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போ.

சேகர் மாமா: இன்னொண்ணு, வயர் மாட்டற டெர்மினலுக்குள்ள சதுர நட் லூசா இருக்கும். ஸ்க்ரூவ எடுத்த உடனே கீழ விழுந்து வண்டிக்குள்ள போயிடும். ரப்பர் ட்யூப் துண்டு ஒண்ண நட்டுக்கு அடில சொருகி வை. திரும்ப மாட்டும்போதும் நட் ஸ்க்ரூவோட ஒசரத்துக்கு நிக்கும்

விக்னேஷ்: ஐயோ இது தெரியாம போன தடவ அரை மணி நேரம் தேடினேன் 🙏

சேகர் மாமா: ஆறு மூடி பேட்டரில பக்கவாட்டுல மெல்லிசா ஒரு ட்யூப் இருக்கும், ஆசிட் ஆவி வெளிய போக. அதயும் உருவு. பேட்டரிய சாய்க்காம நேரா தூக்கு

லதா அத்தை: வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைச்சு பழைய பல் தேய்க்கற பிரஷ்ஷால தேய். மூடியெல்லாம் இறுக்கி இருக்கணும், சோடா தண்ணி உள்ள போனா ஆசிட்ட முறிச்சிடும். துடைச்சு காய வச்சிட்டு டெர்மினல்ல லேசா வாசலின்

விக்னேஷ்: சார்ஜ் பண்ண வீட்ல கார் சார்ஜர் ஒண்ணு இருக்கு, பழசு. 10 ஆம்பியர்னு போட்டிருக்கு

சேகர் மாமா: அத தொடாத. பேட்டரி கொள்ளளவுல பத்துல ஒரு பங்குதான் கரண்ட். 8க்கு 0.8, 12க்கு 1.2. பத்து ஆம்பியர் விட்டா கொதிச்சு வளைஞ்சு போயிடும். சீல் பேட்டரின்னா உள்ளேருந்து ஆவியாப் போன தண்ணிய திரும்ப ஊத்தவும் வழி கிடையாது.

பிரியா அக்கா: தானா நிக்கற ஸ்மார்ட் சார்ஜர் வாங்கு. 14.4லேருந்து 14.7 வோல்ட் வரைக்கும் ஏத்தி, நெறஞ்சதும் 13.2 - 13.6க்கு இறங்கி நிக்கணும். நிக்கத் தெரியாத பழைய டிரிக்கிள் சார்ஜர மாசக் கணக்கா போட்டு வச்சா தண்ணி வத்திப் போகும்.

சேகர் மாமா: தண்ணிய சார்ஜ் ஏறின பிறகு பாரு. ஏறும்போது மட்டம் உயரும், முன்னாடியே மேல் கோடு வரைக்கும் ஊத்தினா வழியும். பிளேட் வெளிய தெரியுதுன்னா மட்டும் அது மூடற அளவுக்கு முதல்ல ஊத்து. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஆசிட் சேக்கவே சேக்காத

லதா அத்தை: சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் சேந்தாலே பொறி பட்டா வெடிக்கும். ஜன்னல் திறந்த ரூம், பக்கத்துல அடுப்பு கூடாது. ப்ளக்க பிடுங்கிட்டு அப்புறம் கிளிப்ப எடு, குழந்தைங்க கைக்கு எட்டாம வை.

கோபால் சித்தப்பா: சிமெண்ட் தரைல வைக்காத, பலகை போடு. தரை இழுத்துடும்

சேகர் மாமா: ரப்பர் டப்பா பேட்டரி இருந்த காலத்துல அது சரி மச்சான். இப்போ பிளாஸ்டிக் டப்பா, தரை இழுக்காது. ஆனா தட்டு ஒண்ணு அடில போடட்டும், ஆசிட் கசிஞ்சா தரை பாழாகும்

கார்த்திக்: என்னோடது லித்தியம் 🙋‍♂️ இதெல்லாம் அதுக்கும் சேருமா?

பிரியா அக்கா: பாதி சேராது. 0 டிகிரிக்குக் கீழ லித்தியத்த சார்ஜ் பண்ணாத. லித்தியம் உள்ள போக முடியாம ஆனோட் (நெகட்டிவ் பக்கத் தகடு) மேலயே உலோகமா படியும். அது திரும்பாது, உள்ள ஷார்ட் ஆகவும் வழி வைக்கும். ரூமுக்குக் கொண்டு வந்து, ரெண்டு மூணு மணி நேரம் விட்டு சார்ஜ் போடு.

லித்தியத்துக்குன்னே இருக்கற சார்ஜர் வேணும். சில ஆசிட் சார்ஜர்ல சல்பேட் உடைக்கற மோடு இருக்கும், அதுல வோல்ட் எகிறும், லித்தியத்துக்கு ஆகாது. மீட்டர் கணக்கும் வேற: சும்மா இருக்கும்போது 13.3ன்னா நல்லா இருக்கு, 12.8ன்னா கிட்டத்தட்ட காலி. தானா இறங்கறது ரொம்ப கம்மி, வயரக் கழட்டி வச்சா நாலு மாசம் தாங்கும்.

விக்னேஷ்: என்னோடத எத்தன நாளைக்கு ஒரு தடவ பாக்கணும்?

சேகர் மாமா: மாசம் ஒரு தடவ, தேதிய டப்பா மேல டேப் ஒட்டி எழுது, வோல்ட்டயும் எழுது. ஆசிட் 12.5க்குக் கீழ, சீல் 12.6க்குக் கீழ வந்தா சார்ஜ். ரெண்டே வாரத்துல 12.7லேருந்து 12.3 வந்தா பேட்டரி பழுதாயிட்டு வருதுன்னு அர்த்தம்

லதா அத்தை: ஒருவேளை ஷெட்ல விட்டு உறைஞ்சு போச்சுன்னா?

சேகர் மாமா: சார்ஜரும் போடக் கூடாது, வேற வண்டி பேட்டரிலேருந்து வயர் போட்டு ஜம்ப் ஸ்டார்ட்டும் கூடாது. உள்ள ஐஸ் இருக்கும்போது கரண்ட் விட்டா வெடிக்கும். ஒரு நாள் ரூம்ல வை, உருகின பிறகு பாரு. உப்பியோ கீறியோ இருந்தா பழைய பேட்டரி எடுக்கறவங்ககிட்ட கொடுத்துடு, குப்பைல போடாத.

விக்னேஷ்: *ஃபோட்டோ*
நட்டுக்கு அடில ரப்பர் வச்சாச்சு மாமா. ஆசிட் பேட்டரி சார்ஜ்ல போட்டாச்சு, 0.8 ஆம்பியர்

சேகர் மாமா: சரியா இருக்கு. காலைல எடுத்துட்டு ராத்திரி வரைக்கும் சும்மா விட்டு அளந்து போடு. 12.6 வரலன்னா இன்னொரு தடவ

சேகர் மாமா: நாலு மாசம் கழிச்சு மாட்டும்போது அந்த மெல்லிசு ட்யூப்ப மறந்துடாத. மடங்காம, செயின்லயும் சைலன்சர்லயும் படாம கீழ வரைக்கும் இறக்கி விடு. ஆசிட் சொட்டினா செயின் போயிடும்