மறு: மாஸ் கேஷுவல்டிக்கு என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

காயம்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கூட்டமாக வந்து சேருவதை ஆங்கிலத்தில் மாஸ் கேஷுவல்டி என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பங்கு இது. ராணுவ மருத்துவமனைகளுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் மாஸ் கேஷுவல்டி வந்த இடத்திலெல்லாம், செய்தித்தாள் படித்த பழக்கத்தில், 'பெருமளவு உயிரிழப்பு' என்று போட்டுவிட்டேன். செவிலியராக இருக்கிற அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "செத்தவங்களுக்கு எதுக்குடா ஆபரேஷன் தியேட்டர்?" என்றார். ராணுவக் கணக்கில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாருமே கேஷுவல்டிதான், ஆனால் மருத்துவமனைக் கையேட்டில் பேச்சே உயிரோடு வந்து சேருகிறவர்களைப் பற்றித்தான்.

நேற்று இங்கே வந்த 'பெருந்திரள் காயம்' அதற்குத் தேவலை. ஆனாலும் அதில் தலைக்கணக்கு மட்டும்தான் தெரிகிறது. மருத்துவர்கள் பார்ப்பது இருக்கிற ஆள், மேசை, ரத்தம் போதுமா என்று. பெரிய மருத்துவமனைக்கு இருபது பேர் வந்தால் அன்றைக்கு வேலை கூடுதல், அவ்வளவுதான். ஒரே ஒரு அறுவை மேசை போட்ட கூடாரத்துக்கு நாலு பேர் சேர்ந்து வந்தாலே கைமீறிப் போய்விடும். சொல் நம் வாயிலேயே இருக்கிறதே, 'கைமீறல்' என்று வைத்துவிடலாமா?

கையேட்டில் வருகிற எக்ஸ்பெக்டன்ட் என்ற பிரிவையும் பாருங்கள். இருக்கிற வசதிக்குப் பிழைக்க வாய்ப்பில்லை என்று ஒதுக்கி, வலிக்கு மருந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் வைத்திருப்பார்கள். (முன்பு ஒருவர் இதை 'எதிர்பார்ப்பு நோயாளி' என்று மொழிபெயர்த்திருந்தார், ஏதோ நல்ல சேதி வரப்போகிற மாதிரி.) ஆனால் நெரிசல் குறைந்து மேசை காலியானதும் அவரையே திரும்பப் பார்த்து, முடிந்தால் உள்ளே எடுக்க வேண்டும். அதாவது நிலைமை கைமீறியிருக்கிற வரைக்கும்தான் அந்தப் பிரிவுக்கே வேலை. 'பெருந்திரள்' என்று சொன்னால் இது விளங்காது.

அடுத்தது, இதற்கான ஆயத்தம். 1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவில் நியூயார்க்கிலிருந்து வந்திருந்த ஜான் மூர்ஹெட் என்ற அறுவை மருத்துவரின் வகுப்பு. அவர் வந்ததே காயங்களுக்கான அறுவைச் சிகிச்சையைச் சொல்லித்தரத்தான். பக்கத்தில் பேர்ள் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஜப்பானியர் குண்டு விழ, ட்ரிப்ளர் ராணுவ மருத்துவமனைக்கு ஆள் வேண்டும் என்று அழைப்பு வர, வகுப்பு அப்படியே அங்கே போய்விட்டது. செத்த சதையை வெட்டி எடு, சல்ஃபா என்ற கிருமி மருந்துப் பொடி தூவு, உடனே தைத்து மூடாதே, சில நாள் திறந்தே விடு என்று பாடத்தில் கேட்டதை அன்றைக்கே செய்தார்கள். அது அதிர்ஷ்டம், எல்லாப் போருக்கும் வாத்தியார் முன்கூட்டியே வந்து காத்திருக்க மாட்டார். போர் இல்லாத காலத்தில் ராணுவ மருத்துவருக்குக் குடலிறக்கமும் பிரசவமும் முழங்கால் வலியும்தான் வரும், கைப்பழக்கம் போய்விடும். அதனால்தான் அமெரிக்க ராணுவம் 2001 முதல் அறுவைக் குழுக்களை மயாமியில் உள்ள ரைடர் காய சிகிச்சை மையத்துக்கு அனுப்பிப் பழக்குகிறது. சான் அன்டோனியோவில் ராணுவ மருத்துவமனையே ஊர்க்காரர்களின் விபத்துக் காயங்களையும் எடுத்துக்கொள்கிறது. இதற்கெல்லாம் சேர்த்து 'கைமீறல் ஆயத்தம்' என்று எழுதியிருக்கிறேன்.

அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

---

> 'கைமீறல்' என்று வைத்துவிடலாமா?

தம்பி, யோசனை நல்லது, ஆனால் 'மீறல்' என்றாலே விதிமீறல், உரிமைமீறல் என்றுதான் மனம் ஓடும். ராணுவத்தோடு சேர்த்து எழுதினால் கேட்கவே வேண்டாம், 'ராணுவ மருத்துவமனையில் கைமீறல்' என்று தலைப்பைப் பார்த்தவன் யாரோ யாரையோ அடித்துவிட்டார்கள் என்று நினைப்பான். பழைய சொல் ஒன்று இருக்கிறது, கைம்மிகுதல், அளவு கடத்தல். சங்கப் பாட்டுகளில் நோய் கைம்மிகும். 'கைம்மிகை' என்று வைத்துப் பாருங்கள்.

---

ஐயா, அந்தத் தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்தேன். நீங்கள் சொல்வது சரிதான், மாற்றத்தான் வேண்டும்.

'கைம்மிகை' அழகாக இருக்கிறது, அகராதியில் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் சங்கப் பாட்டில் கைம்மிகுவது பெரும்பாலும் காதல் நோய் இல்லையா? அப்புறம், இந்தச் சொல்லை ராத்திரி இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் சொன்னால் வார்டில் இருப்பவருக்குப் புரிய வேண்டும். அக்காவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். கைம்மிகைக்கு, "மிக்சரா?" என்றார்.

'கைமீறுநிலை' என்று மாற்றினேன். 'நிலை' சேர்ந்ததும் குற்றவாடை போய்விடுகிறது, அறிவிக்கவும் விலக்கவும் தோதாக இருக்கிறது: "தளபதி மருத்துவர் 02:10க்குக் கைமீறுநிலை அறிவித்தார், 05:40க்கு விலக்கினார்." ஆயத்தத்துக்கு 'கைமீறுநிலை ஆயத்தம்', கொஞ்சம் நீளம்தான்.

இனி ஒரே சந்தேகம்: கைமீறுநிலையா, கைம்மீறுநிலையா? கைம்மாறு, கைம்மண் எல்லாம் ஒற்றோடு வருகின்றன, பேச்சில் இதற்கு அந்த 'ம்' வரவில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.