வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் நேரத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

செங்கல்பட்டுக்காரன்:
தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. காலை 10 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்கு மேல்தான் விடுவார்கள். முதலில் கலர் பேனாவால் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். விடியற்காலை 4 மணிக்குக் கணக்கு, இரவு 11 மணிக்கு வரலாறு. மூன்றாம் நாளே புத்தகத்தின் மேல் தூங்கிவிட்டேன். அம்மா விளக்கை அணைத்ததுகூடத் தெரியாது.

அப்புறம்தான் ரயிலைப் பிடித்துக்கொண்டேன். செங்கல்பட்டிலேயே கிளம்பும் வண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மாம்பலம் வர ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் காலைப் பயணம் முழுக்கத் தமிழ்தான். பழைய புத்தகக் கடையில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வாங்கி, இயல் இயலாகக் கிழித்துத் தைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஓர் இயல், சட்டைப்பையில். திரும்பும்போது நிற்கத்தான் இடம் இருக்கும். காலையில் படித்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஆடித் தள்ளுபடி மாதத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

நைட் டியூட்டி:
தம்பி, நான் நர்ஸ். 25 நிமிடம் படி, 5 நிமிடம் ஓய்வெடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வார்டில் 25 நிமிடம் யார் சும்மா விடுகிறார்கள்? அதனால் மணியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பத்துப் பத்துக் கேள்வியாகத்தான் போடுகிறேன், நடுவில் எழுந்து போனாலும் விட்ட இடம் தெரியும். டியூட்டி முடிந்து வந்த கையோடு படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. தூங்கி எழுந்து மாலை 4 மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரமே போதுமாக இருக்கிறது. சரி, கணக்கை எப்போது போடுகிறீர்கள்?

செங்கல்பட்டுக்காரன்:
அதில்தான் அக்கா போன தடவை கோட்டை விட்டேன். குலுங்குகிற வண்டியில் கூட்டு வட்டி போட முடியாது, வார லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். லீவு நாளில் துணி துவைக்கவே நேரம் சரியாக இருந்தது. இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்தே கணக்கு, வீணான பில் தாளின் பின்பக்கத்தில். போன வாரம் மேனேஜர் ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த கஸ்டமர் பாக்கி?" என்று கேட்டார்.