வலைப்பந்தாட்ட மாணவிகளின் முழங்கால் காயங்கள்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தின் ஹட்டன் பகுதியில், தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் வலைப்பந்தாட்டம் பயிற்றுவிக்கிறேன். கடந்த மாதம் பந்தை எட்டிப் பிடித்துத் தரையிறங்கிய மாணவி ஒருத்தி, எவரும் மோதாமலேயே, 'டக்' என்ற சத்தத்துடன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். மாலைக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. முழங்கால் மூட்டுக்குள் எலும்புகளை இணைக்கும், ஏ.சி.எல். எனப்படும் பிணையம் (தசைநார்) கிழிந்திருப்பதாக ஸ்கேன் காட்டியது.

ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் அதிகம் என்பதையும், இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்வது ஆபத்தானது என்பதையும் பின்னரே வாசித்தறிந்தேன். பந்துடன் ஓட முடியாத இவ்விளையாட்டில் பிடித்த கணமே நின்றாக வேண்டும் என்பதால் முழங்கால் மீது விழும் சுமை சிறிதல்ல. கால்பந்துக்கென உருவான, ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும் 'பிஃபா 11+' என்ற காயத் தடுப்புப் பயிற்சிகளை எம் மாணவிகளுக்கேற்ப மாற்றலாமா என யோசிக்கிறேன்.

எங்கள் மைதானமோ சரிவான மண் தரை. மழை பெய்தால் வழுக்கும். பாதிப் பேரிடம் சப்பாத்தும் இல்லை. கருவிகளின்றிச் செய்யக்கூடிய, பாய்ந்து இறங்கும் பயிற்சிகளையும் பின்தொடைத் தசைப் பயிற்சிகளையும் அறிந்த இயன்மருத்துவர்களோ பயிற்றுநர்களோ தமிழில் விளக்கி உதவ முடியுமா? ஈரத் தரையில் எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் முதல் கேள்வி.

மகள் மீண்டும் எப்போது விளையாடலாம் என்று, கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் வழியில் காயமடைந்த மாணவியின் அம்மா தினமும் கேட்கிறார். அதற்கும் பதில் வேண்டும்.