அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கேஸ் தீர்ந்த விடியற்காலை (எங்கள் குடும்பக் குழு)

செந்தில்: அண்ணே, எழுந்தாச்சா? மூன்று மணியிலிருந்து, காருக்குப் பின்னால் இழுத்துவந்த இந்த வீட்டு டிரெய்லரில் ஹீட்டர் இல்லை. ஃபேன் சுற்றுகிறது, வருவது பச்சைக் குளிர். இந்த மேதர் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் இணைப்பும் கிடையாது.

சரவணன்: வண்டியின் இரண்டு கேஸ் டேங்கில் ஒன்று தீர்ந்திருக்கும். அடுத்ததைத் திற.

செந்தில்: திறந்துவிட்டேன். முழு டேங்க்தான். ஆனால் அடுப்பில் அகல்விளக்கு அளவுக்குத்தான் தீ.

சரவணன்: வால்வை ஒரே திருகில் திறந்தாயா?

பிரியா: ஒரே திருகுதான். நான் டார்ச் பிடித்தேன் 😄

சரவணன்: அதுதான். அப்படித் திறந்தால் குழாய் அறுந்து கேஸ் கொட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பான் வழியைக் குறைத்துவிடும். அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணை. வால்வை மூடு. இரண்டு நிமிடம் பொறுத்து மெதுவாகத் திற.

பிரியா: அதுவரை அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயலாமா?

சரவணன்: கூடவே கூடாது. மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும்.

செந்தில்: வந்துவிட்டது, நல்ல நீலத் தீ! சரி, 20 பவுண்டு டேங்க் இரண்டே ராத்திரியில் எப்படிக் காலியாகும்?

சரவணன்: 7,000 அடி உயரத்தில், அக்டோபரில் போனால் ஆகும். உங்கள் ஹீட்டர் மணிக்கு 30,000 பி.டி.யூ (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும். டேங்கில் இருப்பது சுமார் 4,30,000. நிற்காமல் ஓடினால் 14 மணி நேரம், அவ்வளவுதான். அடுப்புச் செலவெல்லாம் கொசுறு.

அம்மா: ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பாரப்பா. கேஸ் இருக்கும் மட்டத்துக்குக் கீழே சீக்கிரம் காயாது.

சரவணன்: அங்கே துணியே உறைந்துவிடும் அம்மா. வெந்நீர் ஊற்றித் தடவு செந்தில். சில்லென்று இருக்கும் இடம் வரை கேஸ்.

அம்மா: நம்ம வீட்டு சிலிண்டர் என்றால் இந்தப் பாடு உண்டா?

சரவணன்: அது இன்னும் திணறும். நம்மூர் கேஸில் பியூட்டேன் கலந்திருக்கும், பூஜ்யம் டிகிரியிலேயே ஆவியாகத் தயங்கும். உங்கள் டேங்கில் இருக்கும் புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும்.

செந்தில்: இரண்டு டேங்கையும் திறந்தே வைத்தால், ஒன்று தீர்ந்ததும் ரெகுலேட்டர் தானாக அடுத்ததற்கு மாறிக்கொள்ளுமாமே?

சரவணன்: மாறும், வம்பே அதுதான். ஒன்று காலி என்று காட்டும் சிவப்புக் குறி ரெகுலேட்டரில் வந்துவிட்டதா என்று இந்தக் குளிரில் யார் வெளியே போய்ப் பார்ப்பது? கவனிக்காமல் விட்டால் இரண்டும் காலி. நான் ஒன்றை எப்போதும் மூடியே வைப்பேன். ராத்திரி ஒருமுறை நடுங்கினாலும் பரவாயில்லை, ஒரு முழு டேங்க் கையில் இருக்கும்.

பிரியா: காபி போட்டாச்சு ☕ நாளை ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் காலி டேங்கைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறோம்.

சரவணன்: மாற்றாதீர்கள், அதிலேயே நிரப்புங்கள். மாற்றிக் கொடுப்பதில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும்.

அம்மா: பிள்ளைகளுக்குக் குல்லா போட்டுவிட்டீர்களா?