கடனாநதியில் சிற்றுயிர்களின் பரவல்: நீர் மாசு மட்டும்தான் காரணமா?

கேட்டவர்: சிவசைலத்து மாணவன்

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை விலங்கியல் ஆய்வேட்டுக்காகக் கடனாநதியில் இரண்டு இடங்களில் நீர்வாழ் சிற்றுயிர்களைச் சேகரித்து வருகிறேன். மேலிடம் சிவசைலத்துக்கு அருகில், உருண்டைக் கற்களுக்கிடையே நீர் சலசலத்து ஓடும் பகுதி. கீழிடம் திருப்புடைமருதூரில், தாமிரபரணியோடு கலப்பதற்குச் சற்று முன்னால், மணலும் அமலைச்செடியுமாக (ஆகாயத்தாமரை) கிடக்கும் பகுதி. மேலே மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை என்னும் பறக்கும் பூச்சிகளின், நீரில் வாழும் இளம்பூச்சிகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. கீழே நத்தைகளும் சிவப்புப் புழுக்களுமே வலையில் சேர்கின்றன. கீழிடத்து நீர் மாசடைந்திருப்பதே காரணம் என்று எழுதி முடித்துவிடலாம் என உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மேலிடத்திலேயே ஒரு கல்லில் உயிரிகள் மொய்த்திருக்க, கைக்கெட்டும் தூரத்திலுள்ள மற்றொரு கல்லில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. இரண்டின் மேலும் ஓடுவது ஒரே தண்ணீர்தான். அப்படியிருக்க, எந்த உயிரி எங்கே வாழும் என்பதை உண்மையில் எது தீர்மானிக்கிறது?

பொருநைக்கரை

தம்பி, உங்கள் ஐயம் நியாயமானது. அந்த இரண்டு கற்களிலிருந்தே தொடங்குங்கள். ஓடையில் வாழும் சிற்றுயிருக்கு முதல் சிக்கல் அடித்துச் செல்லப்படாமல் இருப்பது. இரண்டாவது, அப்படி இருந்துகொண்டே மூச்சும் உணவும் பெறுவது. இவ்விரண்டையும் முடிவு செய்வது கல்லைச் சுற்றி நீர் ஓடும் விதமே. கல்லின் பரப்பை ஒட்டி நீரின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், ஹெப்டஜெனிடே குடும்பத்து மேஃப்ளை இளம்பூச்சிகள் தட்டையான உடலோடு கல்லில் ஒட்டிக் கிடக்கின்றன. கல்லைத் தூக்கியதும் அவை பக்கவாட்டில் நழுவி மறுபுறம் ஓடி ஒளிவதைக் கண்டிருப்பீர்கள். அதே கல்லின் அடியில் பழைய செப்புக்காசைப் போல ஒன்று ஒட்டியிருந்தால், அது செஃபெனிடே வண்டின் இளம்புழு.

இவற்றுக்கு மாறாக, வேகத்தையே தேடிப் போகிறவையும் உண்டு. சிமுலியம் ஈயின் புழு, கல்லின் மேல் பட்டுநூலால் ஒரு சிறு திண்டு அமைத்து, வால்முனைக் கொக்கிகளால் அதைப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள விசிறிகளை விரித்து நீரில் வரும் நுண்துகள்களைப் பிடித்து உண்கிறது. நீரோட்டம் நின்றால் அதற்கு உணவும் நிற்கும். ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துக் கேடிஸ் புழு கற்களுக்கிடையே வலை பின்னிக் காத்திருப்பதும் இதே காரணத்தால்தான். அருவிகளின் வழுக்குப்பாறையில், நம் கால் நிற்காத இடத்தில், வயிற்றடியில் வரிசையாக ஆறு உறிஞ்சிகளோடு பிளெஃபரிசெரிடே புழுக்கள் வாழ்கின்றன. ஆகவே நீங்கள் பார்த்த வெறுங்கல் பெரும்பாலும் மணலில் பாதி புதைந்தோ, நீரோட்டம் படாத மறைவிலோ இருந்திருக்கும். அடியில் இடைவெளி இல்லாத கல்லில் ஒளிவதற்கு இடமில்லை.

உங்கள் கீழிடத்திலும் இதே கணக்குத்தான். மணல் ஓயாமல் இடம் பெயர்வது. பற்றிக்கொள்ளப் பிடிமானம் தராது, சருகையும் தேக்கி வைக்காது. துளி மாசு இல்லாத ஆற்றிலும் மணற்படுகையின் பூச்சிகள் வேறு, கற்படுகையின் பூச்சிகள் வேறு. கல்லை மணலோடு ஒப்பிட்டுவிட்டு மாசின் மேல் பழி போடுவது முறையாகாது.

அம்பை வாசகி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மாசை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். கடல்மட்டத்தில் 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 ஆகக் குறைகிறது. வெப்பம் கூடும்போது உயிரிகளின் ஆக்சிஜன் தேவையும் கூடுவதால் நெருக்கடி இரு பக்கமும் வருகிறது. நிழலின்றித் தேங்கி நிற்கும் நீரில் சாக்கடையும் சேர்ந்து, அதன் கழிவை பாக்டீரியாக்கள் சிதைக்கத் தொடங்கினால், மீதியிருக்கும் ஆக்சிஜனும் இரவோடு தீர்ந்துவிடலாம். உங்கள் சிவப்புப் புழுக்கள் கைரோனோமஸ் வகையாக இருந்தால், அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது; ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைப்பதற்கு அது உதவுகிறது. அவை இருப்பது மட்டும் மாசுக்குச் சான்றாகாது. மற்றவை எல்லாம் மறைந்து அவை மட்டுமே பெருகியிருந்தால் ஐயப்பட இடமுண்டு. ஆக்சிஜனை விடியற்காலையில் அளந்து பாருங்கள். பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் அளவு கூடுதலாகவே தெரியும். அதை நம்பி எழுதப்பட்ட ஆய்வேடுகள் எத்தனையோ.

மாஞ்சோலைச் சாரல்

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மேலிடமே கடனாநதி அணைக்குக் கீழே இருக்கிறது. அதை இயற்கை நிலையில் உள்ள இடமென்று கொள்ள முடியாது. மேலிருந்து வரும் சருகையும் வண்டலையும் அணை தடுத்துக்கொள்கிறது. தேக்கத்தில் வளர்ந்த மிதவை நுண்ணுயிர்களைக் கீழே அனுப்புகிறது. ஆகவேதான் அணைகளுக்குச் சற்றுக் கீழே வலை பின்னியும் விசிறி விரித்தும் வடிகட்டி உண்பவை பெருகுவது வழக்கம். கேடிஸ் புழு உங்களுக்கு மிகுதியாகக் கிடைப்பது தூய்மையின் அடையாளமா, அணையின் விளைவா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

வெள்ளத்தையும் மறக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்தப் பக்கத்து ஆறுகள் படுகையையே புரட்டிப் போட்டதைப் பார்த்தோம். அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பின் உயிரிகள் மேலிருந்து நீரோடு மிதந்து வந்தும், படுகையின் ஆழத்து இடுக்குகளிலிருந்து ஏறி வந்தும், சிறகு முளைத்த தாய்ப்பூச்சிகள் பறந்து வந்து முட்டையிட்டும் மீண்டும் குடியேறுகின்றன. எனவே ஒரு நாளில் வலையில் விழுவது, அண்மையில் வந்த வெள்ளத்தின் கதையாகவும் இருக்கக்கூடும்.

சிவசைலத்து மாணவன்

மூவருக்கும் நன்றி. அணையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அப்படியானால் இடங்களை எப்படி மாற்றி அமைப்பது?

பொருநைக்கரை

இடங்களைக் கூட்டுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே வகைப் படுகையை மட்டும் ஒப்பிடுங்கள். கீழிடத்திலும் தேடினால் கல் பாவிய சிறு பகுதி ஏதேனும் அகப்படும்; அதை மேலிடத்துக் கற்பகுதியோடும், கீழிடத்து மணலை மேலிடக் கசத்தின் (ஆழமான நீர்த்தேக்கத்தின்) ஓரத்து மணலோடும் வைத்து ஒப்பிடுங்கள். 30 சென்டிமீட்டர் சதுரச் சட்டமுள்ள சர்பர் வலையால் (படுகையில் குறிப்பிட்ட பரப்பிலுள்ள உயிரிகளைச் சேகரிக்கும் வலை) ஒவ்வோரிடத்திலும் பல முறை எடுங்கள். உயிரிகள் திட்டுத்திட்டாக வாழ்வதால் ஒரு முறை எடுத்த சேகரிப்பை மட்டும் நம்பக் கூடாது. வேகமானி இல்லையென்றால், அளந்த தொலைவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அது பெரும்பகுதி நீருக்குள்ளேயே அமிழ்ந்து போவதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது.

அணைக்கு மேலே ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அது காட்டுப்பகுதி என்பதால் வனத்துறையின் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்த பின், பிசான (பின்பருவ நெல்) சாகுபடிக்கு அணையிலிருந்து விடும் நீர் ஒரே சீராக ஓடும் நாட்களாகப் பார்த்து, எல்லா இடங்களையும் அடுத்தடுத்து முடித்துவிடுங்கள்.