பார்வை போன பின் பினோத் பிஹாரி செய்தது உணர்விலிருந்தா, ஞாபகத்திலிருந்தா?

வரைகோடு:
சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி யார் எழுதினாலும் "கண் போன பிறகு உணர்வால் படைத்தார்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எனக்கு அது உறுத்துகிறது. அவர் பிறந்தது 1904-ல். அறுவை சிகிச்சை சரியாக அமையாமல் பார்வை முழுதாகப் போனது 1950-களின் பிற்பாதியில். அதற்குள் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனில் ஓவியர் நந்தலால் போஸிடம் படித்து, அங்கேயே வாத்தியாராகி, சாந்திநிகேதனிலேயே உள்ள ஹிந்தி பவன் சுவர்களில் இடைக்கால பக்திக் கவிஞர்களை வரைந்து முடித்துவிட்டார். பிறகு செய்ததெல்லாம் பார்த்த ஞாபகம்தான். அதற்கு "உணர்வு" என்று பெயர் வைப்பது நம் பரிதாபத்துக்குப் பூச்சூட்டுவது.

களிமண்கை:
ஐம்பது வருஷம் நன்றாகப் பார்த்தவர் போலச் சொல்கிறீர்களே சார்! பிறவியிலேயே ஒரு கண் தெரியாது, இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. தள்ளி நின்று அந்தச் சுவரை முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1946-47-ல் ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள், முழு அளவு மாதிரியை நகலெடுக்காமல், நேரே சுவரில் வரைந்தார். இருந்தும் அந்த ஜனக்கூட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அந்த அளவுணர்ச்சி கண்ணில் இருந்தது என்கிறீர்களா?

வரைகோடு:
கிட்டப்பார்வை, பார்வையின்மை ஆகாது மேடம். கிட்டே வைத்துப் பார்த்ததெல்லாம் நம்மைவிட நுணுக்கமாகவே அவருக்குப் பதிந்திருக்கும்.

களிமண்கை:
சரி, பார்வை போன பிறகு எந்தப் பொருளையெல்லாம் கையில் எடுத்தார் என்று பாருங்கள். வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டினார். மெழுகில் சிறு உருவங்கள் பிடித்தார். 1972-ல் கலாபவனில் ஓடுகளால் ஒரு சுவர்ச்சித்திரம். பேனாக் கோட்டை விரல் திரும்பத் தேடிப் பிடிக்க முடியாது. மை காய்ந்தால் தாள் வழவழவென்றுதான் இருக்கும். வெட்டிய தாளுக்கு ஓரம் உண்டு. ஒட்டிய துண்டின் ஓரத்தில் இடது கை விரலை வைத்துக்கொண்டு, அடுத்த துண்டை வலது கையால் அதுவரை நகர்த்திக் கொண்டுவரலாம். நான் மண்வேலை செய்கிறவள். சக்கரத்தில் பானைச் சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தால் கண்ணுக்கு முன்னால் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். ஞாபகமே போதும் என்றால் அவர் ஏன் விரலுக்குப் பதில் சொல்கிற பொருளாகத் தேடிப் போக வேண்டும்?

வரைகோடு:
கோட்டோவியமும் போட்டாரே. கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப்கூடச் செய்தார். அதையெல்லாம் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நடுத்திண்ணை:
பினோத் பாபுவை வைத்து இந்தச் சண்டை தீராது. துருக்கி ஓவியர் எஷ்ரெஃப் அர்மகானை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். உருவத்தின் வரியை முதலில் கூர்முனையால் தடம் விழக் கீறிக்கொள்கிறார். பிறகு விரலால் அக்ரிலிக் வண்ணம் பூசுகிறார். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்தது. ஃப்ளாரன்ஸில் இருக்கும் எண்கோண ஞானஸ்நானக் கோயிலை, தூரம் போகப் போகக் கோடுகள் குறுகும்படி வரைந்து காட்டினார். பாஸ்டனில் மூளையை ஸ்கேன் எடுத்தபோது, அவர் வரையும் நேரத்தில் மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கென உள்ள பகுதி வேலை செய்தது. இவருக்கு எந்தப் பழைய காட்சி ஞாபகத்தில் இருக்கும்?

வரைகோடு:
அர்மகான் எனக்குத்தான் சாட்சி. நிழல் எந்தப் பக்கம் விழும், எதற்கு என்ன நிறம் என்று பார்வை உள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றவர் அவர். நிழலைத் தொட்டா அறிந்தார்? நம்மைப் போலவே வரைகிறார் என்பதற்காகத்தான் கைதட்டுகிறோம். முழுக்க உணர்விலிருந்தே ஒரு ஓவியம் வந்தால் அது நம் கண்ணுக்குப் பிடிபடாமல்கூடப் போகலாம். அதைச் சட்டம் போட்டு மாட்ட யார் தயார்?

களிமண்கை:
நிழலும் நிறமும் கேள்வி ஞானம், ஒத்துக்கொள்கிறேன். தூரத்தில் குறுகுவது அப்படி இல்லை. நீளமான மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து, பக்கத்து மூலைகள் இரண்டையும் தொடுங்கள். கைகள் அகல விரியும். கண்ணை மூடிக்கொண்டே எதிர்முனையின் இரண்டு மூலைகளையும் சுட்டிக்காட்டுங்கள். கைகள் நெருங்கி வந்துவிடும். பார்வையற்றவர்களின் ஓவியங்களைப் பல வருஷம் ஆராய்ந்த டொரண்டோ உளவியலாளர் ஜான் கென்னடி சொல்வதும் இதைத்தான்: திசை தொடுதலுக்கும் உண்டு.

மங்கல்வெளிச்சம்:
எனக்குப் பார்வை குறைவு. இவ்வளவு பேசுகிறீர்கள், கண்காட்சியில் "தொடாதீர்கள்" பலகையைத் தாண்டி யாராவது ஒரு சிலையைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? விரலால் செய்ததையும் கண்ணால் பார்த்துத்தான் மார்க் போடுகிறீர்கள்.

வரைகோடு:
நியாயமான குறைதான், தனி இழையே தொடங்கலாம். ஆனால் கோட்டோவியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. விரலுக்குப் புலப்படாத மையில் அவர் எப்படி வரைந்தார்?

களிமண்கை:
போட்ட கோட்டைத் தடவ முடியாது. ஆனால் கை எங்கே புறப்பட்டது, எவ்வளவு வளைந்தது என்பது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் சார், பேங்கில் செல்லும்.

வரைகோடு:
செல்லும். அந்தக் கையெழுத்தை நான் பழகியது விளக்கு வெளிச்சத்தில்.